429 கோடி மீனைக் கூறு போட முடியுமா?

அக்காவின் மகளுடைய கல்யாணம் முடிந்து இரண்டு கிழமை இருக்கும். வீடியோவை வாங்கி வர நானும் மருமகனும் திருகோணமலை என்.சி. வீதிப் பக்கம் உள்ள ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். கொண்டுபோன பென் ட்ரைவ் பதினாறு ஜிபி, உள்ளே ஒன்றுமில்லை. வீடியோ ஐந்து ஜிபிதான். ஆனாலும் ஏறவில்லை.

"அண்ணா, இந்தப் பென் ட்ரைவ்ல ஒரு பைல் நாலு ஜிபிக்கு மேல ஏறாது. ரெண்டாப் பிரிச்சுத்தான் போட வேணும்" என்றார் ஸ்டூடியோத் தம்பி.

பழைய முறையில் தயார்செய்த பென் ட்ரைவ்களில் இந்த எல்லை உண்டு. அந்த முறைக்கு ஃபாட் 32 என்று பெயர். ஒரு பைல் ஆகக் கூடினால் 4,294,967,295 பைட் இருக்கலாம். அதற்கு மேல் ஒரு பைட் கூட ஏறாது. மருமகன் சாதாரண தரம் எடுக்க இருப்பவன். பில்லின் பின்பக்கத்தில் அந்த எண்ணை எழுதிப் பார்த்தான்.

"மாமா, நானூறு கோடி எண்டு முழுசா வைக்காம ஏன் இப்பிடிச் சில்லறையோட வைச்சிருக்கிறாங்க?"

கேட்டுக்கொண்டே அதற்குக் கீழே அடுத்த இரண்டு எண்களையும் எழுதினான்.

4,294,967,295
4,294,967,296
4,294,967,297

மூன்றாவதைப் பேனையால் தட்டினான். "கடைசி ஏழு. ஒண்டாலும் பிரிபடாத மாதிரித்தான் கிடக்கு. முதன்மை எண்தானே?"

எனக்கு உண்மையில் மெய் சிலிர்த்தது. 1640ஆம் ஆண்டு, பிரான்சில், பியர் டி பெர்மா என்ற சட்டத்தரணி இதே எண்ணைத் தன் கடிதத்தில் எழுதி இதே முடிவுக்குத்தான் வந்தார். அவர் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கணித மூளைகளில் ஒருவர். அவருக்கும் அது பிழைத்தது.

பெரிய எண்களைப் பற்றி நாங்கள் தளர்வாகத்தான் கதைக்கிறோம். ஒற்றை எண்ணாகவும் பார்க்கக் கோணலாகவும் இருந்தால் "முதன்மை எண்" என்று விடுகிறோம். இலக்கங்களைக் கூட்டி வரும் எண்ணை அதன் குணம் என்கிறோம். "இவ்வளவு பெரிய எண்ணை யார் சோதிக்கிறது" என்று கைவிடுகிறோம். இந்த மூன்றும் ஏன் சரியில்லை என்பதை, பில்லின் பின்பக்கத்தில் வந்த அந்த மூன்று எண்களை வைத்தே சொல்லப் போகிறேன். கூட்டல், பெருக்கல், பிரித்தல் தெரிந்தால் போதும்.

கரையில் கூறு போடுவது போல

உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் கரைவலை இழுத்து முடிந்ததும் மீனைக் கூறு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு பாரை இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு கூறிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். இரண்டு கூறாகப் போடலாம், மூன்றாகப் போடலாம், நான்காகவும் ஆறாகவும் போடலாம். எப்படிப் போட்டாலும் மிஞ்சாது.

இன்னொரு பாரை சேர்ந்து பதின்மூன்று ஆகிவிட்டால்? இரண்டு கூறு போட்டால் ஒன்று மிஞ்சும். மூன்று போட்டாலும் ஒன்று மிஞ்சும். ஐந்து போட்டால் மூன்று மிஞ்சும். எல்லாவற்றையும் ஒரே கூறாக ஒருவரே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பதின்மூன்று பேர் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

ஓர் எண்ணை மிச்சமில்லாமல் கூறு போடும் எண்ணுக்குக் காரணி என்று பெயர். பன்னிரண்டின் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத, ஒன்றைவிடப் பெரிய எண் முதன்மை எண். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதையே பகா எண் என்பார்கள். பகுக்க முடியாதது என்ற பொருளில் அதுவும் அழகான சொல்தான்.

முதன்மை எண் அல்லாத எந்த எண்ணையும் உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் முதன்மை எண்கள் மட்டும் மிஞ்சும். 60 ஐ யார் உடைத்தாலும், எந்த வழியில் உடைத்தாலும், 2 × 2 × 3 × 5 என்றுதான் முடியும். ஆறாலும் பத்தாலும் தொடங்கினாலும் சரி, நாலாலும் பதினைந்தாலும் தொடங்கினாலும் சரி. எனக்குக் கணிதத்தில் மிகவும் பிடித்த உண்மை இது. அடையாள அட்டை போல, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு உடைப்புத்தான்.

ஆகவே கேள்வி இதுதான்: 4,294,967,297 மீன் இருந்தால், அதை மிச்சமில்லாமல் கூறு போட முடியுமா?

எவ்வளவு பெரிது?

429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. செக்கனுக்கு ஒன்றாக, சாப்பிடாமல் தூங்காமல் எண்ணினால் 136 வருடம் பிடிக்கும். ஒரு கிராமுக்கு ஐம்பது அரிசி என்று வைத்துக்கொண்டால் இத்தனை அரிசிக்கு ஏறத்தாழ 86 தொன் நிறை வரும். தம்பலகாமத்து ஆலை ஒன்றில் ஐம்பது கிலோ மூட்டைகளாகக் கட்டினால் ஆயிரத்து எழுநூறைத் தாண்டும்.

பெரிதுதான். ஆனால் பத்தே இலக்கம், ஒரு கைபேசி இலக்கத்தின் நீளம். எண்ணித் தீர்ப்பதற்குப் பெரிதே தவிர, பேனையால் ஆராய்வதற்குப் பெரிதல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தொடக்கத்திலேயே கைவிடுகிறார்கள்.

இலக்கங்களைக் கூட்டினால் என்ன தெரியும்?

புது வண்டி வாங்கும்போது இலக்கத்தகட்டைக் கூட்டிப் பார்ப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அந்த நம்பிக்கையைப் பற்றி நான் பேச வரவில்லை. கூட்டல் கணிதத்தில் எதைச் சொல்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

எங்கள் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 4+2+9+4+9+6+7+2+9+7 = 59. மறுபடி 5+9 = 14. மறுபடி 1+4 = 5. ஆறாம் வகுப்பில் படித்த இலக்கச் சுட்டி இதுதான்.

இந்த ஐந்து எங்கிருந்து வந்தது? பத்து என்பது ஒன்பதும் ஒன்றும். நூறு என்பது தொண்ணூற்றொன்பதும் ஒன்றும். ஆயிரமும் அப்படியே. ஆகவே 400 மீனை ஒன்பது கூறாகப் போட்டால், ஒவ்வொரு நூறிலும் 99 மீன் ஒழுங்காகப் பிரிந்துவிடும், நூறுக்கு ஒன்று வீதம் நாலு மீன் மிஞ்சும். எந்த இடத்தில் இருக்கும் இலக்கமும் அப்படித் தன்னளவு மீனை மிச்சம் வைக்கும். எல்லா மிச்சத்தையும் சேர்த்தால் இலக்கங்களின் கூட்டுத்தொகை. அதையும் ஒன்பதால் பிரித்தால் 5 மிஞ்சும். அவ்வளவுதான். இலக்கச் சுட்டி சொல்வது, ஒன்பதால் பிரித்தால் எவ்வளவு மிஞ்சும் என்ற ஒரே ஒரு செய்தி. ஒன்பதாலும் மூன்றாலும் பிரிபடுமா என்று அறிய அது போதும். 641 ஆல் பிரிபடுமா என்று கேட்டால் அது வாய் திறக்காது.

இன்னொன்று. இலக்கங்கள் எண்ணுக்குச் சொந்தமல்ல, நாங்கள் எழுதும் முறைக்குச் சொந்தம். பழைய தமிழ் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதினார்கள். அங்கே எழுத்துகளைக் கூட்டுவது என்ற பேச்சுக்கே வேறு பொருள். ஆனால் அந்தக் காலத்திலும் இருபத்தைந்து மாம்பழத்தை ஐந்து பேர் ஐந்தைந்தாகத்தான் பிரித்திருப்பார்கள். எழுத்து மாறலாம், காரணி மாறாது.

கொம்பியூட்டர் எழுதும் முறையைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும்.

சில்லறை போல இருந்தது ஏன்?

கொம்பியூட்டருக்குப் பத்து இலக்கங்கள் இல்லை. 0, 1 இரண்டுதான். இப்படி இரண்டே இலக்கங்களால் எழுதுவது துவித முறை. எங்கள் முறையில் ஒவ்வொரு இடமும் பத்து மடங்கு கூடும். துவித முறையில் இரண்டு மடங்கு கூடும்: 1, 2, 4, 8, 16 என்று. இவை 2 இன் வலுக்கள், அதாவது இரண்டை இரண்டாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கி வருபவை. ஐந்து தடவை எடுத்துப் பெருக்கினால் 2⁵ = 32. முப்பத்திரண்டு தடவை எடுத்துப் பெருக்கினால் 2³² = 4,294,967,296. பில்லில் நடுவில் இருந்த எண்.

ஃபாட் 32 முறையில் ஒரு பைலின் அளவைக் குறித்து வைக்க 32 கட்டங்கள்தான் உண்டு. மோட்டார் சைக்கிளில் ஓடிய தூரம் காட்டும் மீற்றரை நினையுங்கள். ஐந்து கட்டம் என்றால் 99999 வரை காட்டும், அடுத்த கிலோமீற்றருக்குக் கட்டம் போதாது. 32 கட்டத்திலும் 1 வந்துவிட்டால் அதுதான் கொம்பியூட்டரின் 99999. அந்த எண் 4,294,967,295. மருமகன் சில்லறை என்று நினைத்தது உண்மையில் நிரம்பி வழியும் முழு எண்.

மூன்றையும் துவித முறையில் சொன்னால்: முதலாவது, வரிசையாக 32 ஒன்றுகள். இரண்டாவது, ஒரு ஒன்றும் பின்னால் 32 பூச்சியங்களும். மூன்றாவது, இரு முனைகளிலும் ஒன்று, நடுவில் 31 பூச்சியங்கள். எங்களுக்குக் கோணலாகத் தெரிந்த எண் அங்கே இருபுறமும் ஒரே மாதிரி அடங்கி இருக்கிறது. கோணலும் நேரும் எழுதும் முறையில் இருக்கிறதே தவிர எண்ணில் இல்லை.

இதுவரை வந்த வழி: காரணிகள்தான் எண்ணுக்குச் சொந்தம். இலக்கங்களின் தோற்றமும் கூட்டுத்தொகையும் எழுதும் முறைக்குச் சொந்தம். எங்கள் எண் 2³² + 1. இந்த வடிவத்தை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று அயலவர்கள்

ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த மூன்று வீடுகள். வெளியில் ஒரே மாதிரி. உள்ளே போனால் மூன்றும் மூன்று விதம்.

நடுவீடு எளிது: முழுக்க இரண்டுகள். 1, 2, 4, 8 என்று 33 காரணிகள்.

முதல் வீட்டைத் திறக்க ஒரு சின்னச் சாவி இருக்கிறது. 10 ஐ எடுங்கள். ஒன்று குறைந்தது 9, ஒன்று கூடியது 11. பெருக்கினால் 99, அதாவது 10 × 10 க்கு ஒன்று குறைவு. 20 க்குப் பாருங்கள்: 19 × 21 = 399. எந்த எண்ணுக்கும் இது நடக்கும். இப்போது 65,536 × 65,536 = 4,294,967,296. ஆகவே அதற்கு ஒன்று குறைந்த எங்கள் முதல் எண் 65,535 × 65,537. அந்த 65,535 உம் 256 × 256 க்கு ஒன்று குறைந்தது, ஆகவே 255 × 257. 255 என்பது 15 × 17. 15 என்பது 3 × 5. எல்லாம் சேர்த்தால்:

4,294,967,295 = 3 × 5 × 17 × 257 × 65,537

ஐந்தும் முதன்மை எண்கள். காரணிகளை எண்ணுவது சோற்றுக்கடையில் கறி தெரிவது போல. ஐந்து கறி இருக்கிறது, ஒவ்வொன்றையும் போடச் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். எத்தனை விதமான கோப்பை வரும்? 2 × 2 × 2 × 2 × 2 = 32. இந்த எண்ணுக்கு 32 காரணிகள். எதையும் போடாத வெறுஞ்சோறுதான் 1.

இந்த ஐந்து எண்களுக்கும் இன்னொரு புகழ் உண்டு. 1796 இல் கவுஸ் என்ற ஜெர்மன் இளைஞர், பத்தொன்பது வயது நிரம்புவதற்கு முன்னரே, கவராயமும் அடிமட்டமும் மட்டும் வைத்து 17 பக்கமுள்ள ஒழுங்கான பல்கோணி வரைய முடியும் என்று காட்டினார். அப்படி வரையக்கூடியவற்றில், ஒற்றை எண் பக்கங்கள் கொண்டவை எவை என்று தேடினால், இன்றுவரை தெரிந்ததில் மிகப் பெரியதன் பக்க எண்ணிக்கை 4,294,967,295. பென் ட்ரைவின் எல்லையும் பல்கோணியின் எல்லையும் ஒரே எண். இரண்டுக்கும் பின்னால் நிற்பது அந்த 2 இன் வலுக்கள்.

மூன்றாவது வீட்டுக்கு வருவோம். சாவி இங்கே வேலை செய்யாது. ஒன்று குறைந்தால் உடைக்கத் தெரியும், ஒன்று கூடினால் தெரியாது. அந்த ஐந்து முதன்மை எண்களையும் கொண்டு தட்டிப் பார்த்தாலும் திறக்காது. அவை முதல் வீட்டை மிச்சமில்லாமல் பிரிக்கும், மூன்றாம் வீடு அதைவிட இரண்டு கூட, ஆகவே ஒவ்வொன்றும் சரியாக 2 மிச்சம் வைக்கும்.

பெர்மா ஏன் நம்பினார்?

அந்த ஐந்து எண்களைத் திரும்பப் பாருங்கள். 3 = 2 + 1. 5 = 4 + 1. 17 = 16 + 1. 257 = 256 + 1. 65,537 = 65,536 + 1. ஒவ்வொன்றிலும் முந்தைய வலுவை அதனாலேயே பெருக்கி, ஒன்று கூட்டியிருக்கிறது. இந்த வரிசை எண்களுக்குப் பெர்மா எண்கள் என்று பெயர். வரிசையில் முதல் ஐந்தும் முதன்மை எண்கள். ஆறாவது எங்கள் 4,294,967,297. ஐந்து தடவை பலித்தது ஆறாவது தடவையும், அதற்கு அப்பாலும் பலிக்கும் என்று பெர்மா நினைத்தார். நிறுவல் தன்னிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

சோதித்துப் பார்க்க அவ்வளவு கடினமா? ஓர் எண்ணுக்கு இரண்டு காரணிகள் சோடியாக வரும். 12 க்கு 3 உம் 4 உம் போல. இரண்டும் ஒரே நேரத்தில் பெரிதாக இருக்க முடியாது, ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தாக வேண்டும். வர்க்கமூலம் என்பது தன்னாலேயே பெருக்கினால் அந்த எண்ணைத் தரும் எண். எங்கள் எண்ணுக்கு அது 65,536 ஐ மயிரிழையளவு தாண்டும். அதற்குள் 6,542 முதன்மை எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் பிரித்துப் பார்த்தால் போதும். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் 109 மணித்தியாலம்.

இதில் என் மனதை உறுத்துவது என்னவென்றால், அவர் 2, 3, 5, 7, 11 என்று ஒழுங்காகப் பிரித்துக்கொண்டு போயிருந்தால் 116ஆவது முதன்மை எண்ணிலேயே விடை கிடைத்திருக்கும். அதன் பெயர் 641.

641 மணி காட்டும் மணிக்கூடு

இதை நீங்களே இப்போது ஒரு கடதாசியில் செய்து பார்க்கலாம். அதற்கு மீதியைக் கொண்டு கணக்குப் பார்க்கும் ஒரு வழி வேண்டும்.

காலை 9 மணிக்குத் திருகோணமலையில் கொழும்பு பஸ் ஏறி 7 மணித்தியாலம் ஓடினால், மணிக்கூட்டு முள் 16 இல் நிற்காது, 4 இல் நிற்கும். முழுச் சுற்று 12 ஐ அது விட்டுவிடும், மீதியை மட்டும் காட்டும். கூட்டலுக்கு மட்டுமல்ல, பெருக்கலுக்கும் இது சரிவரும். 14 × 15 = 210. மணிக்கூட்டில் 14 என்பது 2, 15 என்பது 3, பெருக்கினால் 6. இப்போது 210 ஐ 12 ஆல் பிரித்துப் பாருங்கள்: பதினேழு தடவை போய் 6 மிஞ்சும். முழுச் சுற்றுகளை முதலே எறிந்துவிட்டுப் பெருக்கினாலும், பெருக்கிவிட்டு எறிந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். எறிந்தவை எல்லாம் 12 இன் மடங்குகள்தானே.

இதனால் வரும் இலாபம் பெரிது. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் கணக்கின் நடுவில் அதைச் சின்னதாக்கிக்கொண்டே போகலாம்.

சரி, இப்போது 12 மணிக்குப் பதிலாக 641 மணி காட்டும் ஒரு மணிக்கூட்டைக் கற்பனை செய்யுங்கள். அதில் 2³² எங்கே நிற்கும்? 2 இல் தொடங்கி, தன்னாலேயே பெருக்கிக்கொண்டு போவோம்.

2 × 2 = 4.
4 × 4 = 16.
16 × 16 = 256. இதுவரை ஒரு சுற்றுக்கூட முடியவில்லை.
256 × 256 = 65,536. இதில் 641 எத்தனை தடவை? 102 தடவை, அதாவது 65,382. மிஞ்சுவது 154.
154 × 154 = 23,716. இதில் 641 முப்பத்தாறு தடவை, 23,076. மிஞ்சுவது 640.

ஐந்து தடவை பெருக்கிவிட்டோம். 2 இல் தொடங்கி, வந்த விடையை ஒவ்வொரு தடவையும் அதனாலேயே பெருக்கினால் 2², 2⁴, 2⁸, 2¹⁶ என்று போய் ஐந்தாவது தடவையில் 2³². ஆகவே 641 மணி மணிக்கூட்டில் 2³² நிற்கும் இடம் 640. எங்கள் எண் அதற்கு ஒன்று கூட. 640 + 1 = 641, அதாவது முழுச் சுற்று. மீதி பூச்சியம்.

கூறு போயிற்று. மீனை 641 கூறாகப் போட்டால் ஒவ்வொன்றிலும் 6,700,417 வரும், ஒன்றும் மிஞ்சாது.

4,294,967,297 = 641 × 6,700,417

கல்குலேட்டரில் ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள். மருமகன் அந்தப் பில்லிலேயே இதைச் செய்தான். 640 வந்ததும் பேனையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான், அடுத்த வரி என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

6,700,417 உம் முதன்மை எண். ஆகவே 1, 641, 6,700,417, தான் என்று மொத்தம் நாலே காரணிகள். முதல் வீட்டுக்கு 32, நடுவீட்டுக்கு 33, மூன்றாவதுக்கு 4. அடுத்தடுத்த எண்கள் என்பதால் உள்ளமைப்பும் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

ஓய்லரின் ஐந்தாவது தட்டு

641 என்று நான் முதலே சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் எப்படித் தேடுவது? 1732 இல் இதைக் கண்டுபிடித்து அறிவித்தவர் லியோனார்ட் ஓய்லர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதை ஒட்டியிருக்கும், சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்தார். பெர்மா எழுதி ஏறக்குறைய 92 வருடம் கழிந்திருந்தது.

ஓய்லர் ஒரு விதியைக் கண்டுகொண்டார், பின்னர் அதை நிறுவியும் காட்டினார்: இந்த எண்ணுக்குக் காரணி ஒன்று இருந்தால், அதை 64 ஆல் பிரிக்கும்போது 1 மிஞ்சியே ஆக வேண்டும். ஏன் என்பதற்குள் இங்கே போகவில்லை. பலனைப் பாருங்கள். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று 64 ஆகக் கூட்டிக்கொண்டு போங்கள். இவற்றில் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். ஐந்தாவது தட்டில் கதவு திறந்துவிட்டது. 116 தடவை ஐந்தாகிவிட்டது.

தேங்காயைத் தட்டிப் பார்ப்பது

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் தீர்க்க வேண்டும். "ஓர் எண் முதன்மை எண் இல்லை என்றால், அதன் காரணியைக் காட்டு" என்று கேட்கிறார்கள். காட்ட வேண்டியதில்லை. சந்தையில் தேங்காயை உடைத்தா வாங்குகிறோம்? தட்டிப் பார்க்கிறோம், சத்தமே சொல்லிவிடும்.

பெர்மா எண்களுக்கு அப்படி ஒரு தட்டல் 1877 இல் வந்தது. பெப்பின் சோதனை என்பார்கள். 17 ஐ வைத்துப் பாருங்கள். 17 மணி மணிக்கூட்டில் 3 இல் தொடங்கி, தன்னாலேயே பெருக்குங்கள். 3 × 3 = 9. 9 × 9 = 81, மிஞ்சுவது 13. 13 × 13 = 169, மிஞ்சுவது 16. மூன்று தடவையில் முழுச் சுற்றுக்கு ஒன்று குறைந்த இடத்தில் முள் வந்து நின்றால் முதன்மை எண், வேறெங்கே நின்றாலும் இல்லை. 16 என்பது 17 க்கு ஒன்று குறைவு, ஆகவே 17 முதன்மை எண். 4,294,967,297 க்கு இதையே 31 தடவை செய்ய வேண்டும். செய்தால் முள் அந்த இடத்தில் நிற்காது. 641 ஐப் பற்றி ஒன்றும் தெரியாமலே அது முதன்மை எண் அல்ல என்று சொல்லிவிடலாம்.

முழுத் தேங்காயா என்று தட்டிப் பார்ப்பது எளிது, உடைப்பது கடினம். இந்த வித்தியாசத்தின் மேல்தான் இன்றைய இணையப் பாதுகாப்பின் ஒரு முக்கிய பகுதி நிற்கிறது. இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது கொம்பியூட்டருக்கு நொடி வேலை. பெருக்கி வந்ததை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கேட்டால் திணறிவிடும். 1977 இல் மூன்று பேர் இதை வைத்து உருவாக்கிய ஆர்எஸ்ஏ என்ற பூட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பூட்டுகளில் பெரும்பாலும் வைக்கப்படும் ஓர் எண் 65,537. எங்கள் முதல் வீட்டில் கடைசியாகக் கிடந்த அதே முதன்மை எண்.

பெர்மா வரிசையின் மறுமுனை

பெர்மாவின் வரிசையில் முதல் ஐந்துக்குப் பிறகு வேறொரு முதன்மை எண் இதுவரை கிடைக்கவில்லை. 2³² + 1 இல் தொடங்கி, அடுத்தடுத்து 28 எண்கள் முதன்மை எண் அல்ல என்று தெரிந்துவிட்டது. அவற்றில் இரண்டு, தேங்காய்க் கதைக்குச் சரியான சாட்சி: அவை பிரிபடும் என்பது உறுதி, ஆனால் எந்த எண்ணால் பிரிபடும் என்று ஒரு காரணிகூட எவரிடமும் இல்லை.

அந்த 28 க்கு அடுத்தது வந்து நிற்கும் இடத்தில் எல்லாச் சோதனையும் ஓய்ந்துவிடுகிறது. அதை எங்கள் முறையில் எழுதினால் 258 கோடிக்கும் மேல் இலக்கங்கள் வரும். எண் 258 கோடி அல்ல, அதன் இலக்கங்களின் எண்ணிக்கையே அவ்வளவு. ஓர் இலக்கத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் இடம் விட்டு ஒரே வரியில் எழுதினால் ஐயாயிரம் கிலோமீற்றரைத் தாண்டும். இங்கிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர் என்று பார்த்தால், பத்துத் தடவை போய் வரும் தூரம். துவித முறையில் எழுதினால் அதற்கும் எங்கள் எண்ணின் அதே முகம்தான்: இரு முனைகளிலும் ஒன்று, நடுவில் எல்லாம் பூச்சியம். இந்த மீன் கூறு போகுமா, போகாதா என்று இன்னும் எவருக்கும் தெரியாது.